எழுத்துக்கும் ஒரு வேளை

எழுதும் ஆற்றல் இறைவன் வழங்கும் கொடை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், கிடைத்த கொடையைப் பேணும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவை நம் இலக்கிய உலகம் போதிய அளவு எழுப்பியதில்லை. நம்மிடையே எழுத்தாளர் என அறியப்படுவோருள் பலர் ஆண்டுக்கு ஓரிரு முறையே எழுதுகோலைக் கையில் எடுக்கின்றனர். மீலாது மலர் வருகிறது. ஒரு கவிதை பிறக்கிறது. ரமளான் சிறப்பிதழ் வருகிறது. ஒரு கட்டுரை பிறக்கிறது. உற்றார் இல்லத்தில் நிக்காஹ் நிகழ்கிறது. ஒரு வாழ்த்துப்பா பிறக்கிறது. விழா முடிந்ததும் எழுதுகோலும் உறங்கச் சென்றுவிடுகிறது. இவ்வாறு பிறந்தவற்றுள் நல்லன இல்லை என்று யாரும் கூறார். ஆனால் ஓர் இலக்கியம் விழாக்களை மட்டுமே நம்பி வாழ முடியுமா?

திருச்சிராப்பள்ளி மாவட்டத்து வையம்பட்டி வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அது காவிரி பாயாத மேட்டுநிலம். வானம் பார்த்த பூமியில் விதைத்தவன் மழை வந்தால் அறுப்பான். வராவிட்டால் கைபிசைந்து நிற்பான். கிணறு வைத்திருப்பவனோ நாள்தோறும் சிறிது நீர் இறைக்கிறான். அவனுடைய பயிர் மழையை வரவேற்கும், மழைக்காக மடிந்துபோகாது. நம் எழுத்து இன்னும் பெரும்பாலும் மானாவாரி எழுத்தாகவே இருக்கிறது. கிணறு வெட்டியோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் அந்த வட்டாரத்தையே தம் பெயரில் தாங்கியவர் என்பது நினைவுகூரத்தக்கது.

வையம்பட்டியை அடுத்த மணப்பாறைக்கு மணவை என்பது சுருக்கப் பெயர். திண்டுக்கல் மாவட்டத்துப் பிலாத்தில் 1935 ஆம் ஆண்டு பிறந்து, மணவை முஸ்தபா என்னும் பெயரால் தமிழுலகம் அறிந்த அறிஞர், 2017 பிப்ரவரியில் மறையும்வரை தமிழுக்கு ஆற்றிய பணி பரந்தது. அறிவியலையும் மருத்துவத்தையும் கணினியையும் தமிழில் சொல்ல முடியாது என்போருக்கு அவர் மேடையில் மட்டும் விடை கூறவில்லை. கலைச்சொல் களஞ்சியங்களாக அச்சிட்டு விடை கூறினார். அக்களஞ்சியங்களைப் பாராட்டிப் பேசிய மேடைகள் பல. அவை எவ்வாறு உருவாயின என்று ஆராய்ந்தவர்கள் குறைவு. பாராட்டு மாலையோடு நின்றுவிடும். ஆராய்ச்சி, பின்வருவோருக்கு வழிகாட்டும்.

யுனெஸ்கோ நிறுவனத்தின் ‘கூரியர்’ இதழ் 1967 ஆம் ஆண்டு தமிழில் வரத் தொடங்கியது. அதன் ஆசிரியராக ஏறத்தாழ 35 ஆண்டுகள் உழைத்தவர் மணவை முஸ்தபா. அவ்விதழின் இயல்பை எண்ணிப் பாருங்கள். ஒரு திங்கள் வானியல், மறு திங்கள் தொல்லியல், அடுத்த திங்கள் கடலாய்வு அல்லது கல்விச் சீர்திருத்தம். ஒவ்வோர் இதழும் தமிழில் அதுவரை வழங்காத சொற்களைக் கேட்டு நிற்கும். ஆசிரியருக்கு மனம் ஒன்றும் நாள் வரட்டும் என்று அச்சகம் காத்திருக்காது. குறித்த நாளில் சொல் வேண்டும். குறித்த நாளில் வாக்கியம் முடிய வேண்டும். திங்களுக்கு ஓர் இதழ் எனக் கொண்டாலும் 35 ஆண்டுகளில் 420 இதழ்களாகும். இதழுக்காகத் தேடிய சொற்களும் ஆக்கிய சொற்களுமே பின்னர்க் களஞ்சியங்களுக்கு வித்தாயின. அவை யாவும் ஒரே நாளில் ஊக்கம் பெற்று ஒருவர் இயற்றியவை அல்ல; அன்றாடக் கடமையின் அடியில் படிந்து படிந்து மேடான வண்டல்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடலாம். நாளொன்றுக்குப் பத்துச் சொற்களை ஆராய்ந்து எழுதி வைப்பவன், 35 ஆண்டுகளில் 1,27,750 சொற்களை எழுதி முடித்திருப்பான். பத்துச் சொல் பெரிய வேலையன்று. கடை திறக்குமுன் செய்துவிடலாம். பெரிய வேலை, மறுநாளும் அதே இடத்தில் உட்காருவதுதான்.

சிறிதாயினும் விடாது தொடரும் நற்செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்னும் கருத்தமைந்த நபிமொழியை, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாயிலாகப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். இதனை வணக்கத்துக்கு மட்டும் உரியதாக நாம் ஒதுக்கிவிட்டோம். அதிகாலைப் பொழுதில் தம் சமுதாயத்தார்க்கு பரக்கத் வேண்டி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைஞ்சியதை அறிவித்தவர் சக்ர் அல்-காமிதீ (ரலி) என்னும் வணிகர். அவர் தம் சரக்குகளை விடியலிலேயே அனுப்பி வைப்பார் என்றும், அதனால் செல்வம் பெருகிற்று என்றும் திர்மிதீ, அபூதாவூத் தொகுப்புகளில் காண்கிறோம். வணிகத்துக்கு உதவிய விடியல் எழுத்துக்கு உதவாதா? சுபுஹுத் தொழுகைக்குப்பின் கடைவீதி விழிக்கும்வரை கிடைக்கும் ஒரு மணி நேரத்தை உறக்கத்துக்கோ கைப்பேசிக்கோ கொடுத்துவிட்டு, எழுத நேரமில்லை என்று குறைப்படுவதில் பொருளில்லை. ஐவேளைத் தொழுகையால் நாளைப் பகுத்து வாழும் சமுதாயத்தாருக்கு நேர ஒழுங்கைப் பிறர் வந்து கற்பிக்க வேண்டியதுமில்லை.

இனி, மறுப்புரைக்கு வருவோம். அகராதிக்கும் இதழுக்கும் இந்த ஒழுங்கு பொருந்தலாம். கதைக்கும் கவிதைக்கும் பொருந்துமா? உள்ளம் கனியாதபோது எழுதினால் அது கூலி வேலை ஆகாதா? இவ்வினா நேர்மையானது, எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரலோப் அஞ்சல் துறையில் அலுவல் பார்த்தவர். அதிகாலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள் வீதம் எழுதியவர். இவ்வாறு 47 நாவல்களை எழுதி முடித்தார். அவர் 1882 இல் மறைந்தபின், 1883 இல் வெளிவந்த தன்வரலாற்றில் இவ்வழக்கத்தை ஒளிவு மறைவின்றிக் கூறியிருந்தார். அதைப் படித்தோர் பலர் முகஞ்சுளித்தனர். செருப்புத் தைப்பது போல நாவல் தைத்தவர் என்னும் எண்ணம் அவர் புகழைக் குறைத்தது. ஆனால் காலம் வேறு தீர்ப்பு வழங்கிற்று. அவருடைய நாவல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. எழுதப்பட்ட முறையைக் கேட்டு இகழ்ந்தவர்கள், எழுதப்பட்டதைப் படித்து மதிப்பிட மறந்தனர். திறனாய்வாளர் செய்யக்கூடாத பிழை இது.

எகிப்திய நாவலாசிரியர் நஜீப் மஹ்ஃபூஸ் நமக்கு இன்னும் நெருக்கமான சான்று. வக்ஃப் அமைச்சகம் முதலிய அரசு அலுவலகங்களில் பணியாற்றி, 1971 இல் ஓய்வு பெறும்வரை ஊழியராகவே வாழ்ந்தவர். நேரந்தவறாமை அவருடைய இயல்பு. கெய்ரோ நகரத்துக் குடும்பமொன்றின் மூன்று தலைமுறைகளைக் கூறும் அவருடைய முத்தொகுதி 1956, 1957 ஆண்டுகளில் வெளிவந்தது. 1988 இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. 1994 இல் கத்தியால் தாக்கப்பட்டு வலக்கை நரம்புகள் பழுதுற்றபின், நாளில் மிகச் சிறிது நேரமே அவரால் எழுதக்கூடியதாயிற்று. அந்தச் சிறு பொழுதிலும் எழுதினார். படைப்புகளும் சிறு அளவினவாகத் தம்மைச் சுருக்கிக்கொண்டன. உள்ளம் கனிந்தபோது மட்டும் எழுதுபவராக அவர் இருந்திருப்பின், கை தளர்ந்த நாளிலேயே எழுத்தும் நின்றிருக்கும்.

இவ்விருவரையும் எண்ணிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. அன்றாட ஒழுங்கின் பயன் பக்கங்களைப் பெருக்குவது மட்டுமன்று. நேற்று எழுதியதை இன்று திரும்பப் பார்க்கும் வாய்ப்பே அதன் பெரும்பயன். குர்ஆனை மனனம் செய்யும் மாணவனைப் பாருங்கள். புதுப்பாடம் ஒன்றைப் பெறுவதோடு அவன் கடமை முடிவதில்லை. பழைய பாடத்தைத் திருப்பி ஓத வேண்டும். புதியதை மட்டும் ஓதிச் சென்றவன் ஹாபிஸ் ஆவதில்லை. எழுத்தாளனுக்கும் இதுவே நெறி. மலருக்காக ஓரிரவில் எழுதியவன், தன் வாக்கியத்தை மறுநாள் காலை வெளிச்சத்தில் சந்திப்பதே இல்லை. மிகைச்சொல் எது, பிறரிடமிருந்து ஒட்டிக்கொண்ட உவமை எது, பொய்யாகச் சிந்திய கண்ணீர் எது என்பன மறுநாளே புலப்படும். நம் விழாக்கவிதைகள் பலவற்றில் ஒரே பிறை, ஒரே பேரீச்சை, ஒரே பாலைமணல் மீண்டும் மீண்டும் வருவதற்குக் காரணம் கற்பனை வறட்சி அன்று, மறுநாள் இல்லாமையே.

ஒழுங்குக்கும் ஒரு தீங்கு உண்டு என்பதை மறைத்தல் தகாது. நாள்தோறும் எழுதும் கை தன்னையே படியெடுக்கத் தொடங்கிவிடலாம். எண்ணிக்கை கூடுவதே வளர்ச்சி என மயங்கலாம். மணவை முஸ்தபாவின் களஞ்சியங்களையும் இந்த அளவுகோலால் நோக்க வேண்டும். அவற்றில் உள்ள எல்லாச் சொற்களும் மக்கள் நாவில் ஏறவில்லை. நூலகத்துப் பேழையிலேயே தங்கிவிட்ட சொற்கள் பல. இதை அவருடைய குறையாக மட்டும் கூறுதல் நீதியாகாது. அகராதி சொல்லைப் பெற்றெடுக்கும், வளர்ப்பது வாக்கியம். கணினி, மென்பொருள் என்னும் சொற்கள் இன்று சிறுவர்க்கும் தெரிகின்றன என்றால், பலர் அவற்றை நாள்தோறும் எழுதிப் புழங்கியதே காரணம். மருத்துவத்தையும் சட்டத்தையும் வணிகக் கணக்கையும் தமிழில் இடைவிடாது எழுதும் ஒரு கூட்டம் உருவாகியிருந்தால், ஒருவர் தனியே இறைத்த நீர் வரப்போடு நின்றிருக்காது. அவருடைய அன்றாடம் நம் அன்றாடத்தைக் கேட்டது. நாமோ பாராட்டுக் கூட்டம் நடத்தினோம்.

இறுதியாக, இல்லத்தாரை நோக்கி ஒரு சொல். எழுத்தாளனின் ஒழுங்கு அவன் ஒருவனால் அமைவதன்று. அவன் காலையில் ஒரு மணி நேரம் எழுதுகிறான் என்றால், அந்த மணியில் வேறொருவர் அடுப்பையும் பிள்ளைகளையும் வாசலில் வந்து நிற்பவரையும் பார்த்துக்கொள்கிறார் என்பது பொருள். ஆடவருக்கு இந்த மணி கேளாமலே கிடைக்கிறது. பெண்மக்களுக்கோ கேட்டாலும் கிடைப்பதில்லை. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரையே பயின்றவர். அவருடைய ‘காதலா? கடமையா?’ நாவல் 1938 ஆம் ஆண்டு வெளிவந்தபோது, டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவர்களே அதற்கு முன்னுரை அளித்தார். முஸ்லிம் பெண்ணொருத்தி எழுதுவதை ஊரே வியப்போடும் முணுமுணுப்போடும் பார்த்த காலம் அது. ஒரு ஜுனைதா பேகம் தோன்றினார் என்று பெருமை கொள்வதோடு நாம் அமைதி கொள்ளலாகாது. மூன்றாம் வகுப்போடு நின்றவர் இவ்வளவு எழுதினார் என்றால், இன்று பட்டம் பெற்று நம் இல்லங்களில் இருக்கும் பெண்மக்கள் ஏன் எழுதவில்லை? அவர்களுக்குக் கல்வி கொடுத்தோம், வேளை கொடுக்கவில்லை.

வையம்பட்டிக் கடைவீதியில் தந்தையோடு கல்லாவில் அமரும் இளைஞனுக்கும், அதே ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மூச்சு விடும் தாய்க்கும், சென்னையின் பதிப்பகமும் தொலைவு, பல்கலைக்கழகமும் தொலைவு. ஆனால் ஒரு நோட்டும் ஒரு வேளையும் தொலைவிலில்லை. நாளுக்கு ஒரு பக்கம் என்பது ஆண்டுக்கு ஒரு நூலுக்குரிய பக்கங்கள். அப்பக்கங்களில் பாதியைக் கிழித்தெறிந்தாலும் மீதம் உள்ளது, ஒரு மலருக்காக ஓரிரவில் எழுதப்பட்டதைவிட உறுதியாய் நிற்கும். கணவர் எழுதும்போது வாசலைக் காக்கும் மனைவியரை நாம் நன்கறிவோம். மனைவியோ மகளோ எழுதும்போது அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளைத் தாம் ஏற்கும் ஆடவர் நம் இல்லங்களில் பெருகட்டும். நம் இலக்கியம் மழைக்காகக் காத்திராமல் கிணற்று நீரில் தழைக்கும் நாள், இன்ஷா அல்லாஹ், அங்கிருந்தே தொடங்கும்.