சீருடையில் பறந்த மணிகளும் சிவில் உரிமமும்

படையில் விமானப் பயிற்சி பெற்று வெளியேறிய ஒருவர் பின்னாளில் தனியார் விமானி உரிமம் கோரும்போது, படையில் பறந்த மணிகளையும் கணக்கில் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு அமெரிக்க விதிகள் தாராளமாகவே விடையளிக்கின்றன. விதித்தொகுப்பின் 61.41ஆம் பிரிவு, படை விமானிகளை உருவாக்கும் திட்டத்தின்கீழ்ப் படைப் பயிற்றுநர் அளித்த பயிற்சியை, அவரிடம் சிவில் பயிற்றுநர் சான்று இல்லாவிடினும் ஏற்றுக்கொள்கிறது. பயிற்சியை முடித்து விமானிச் சின்னம் அணிந்தவருக்கோ 61.73ஆம் பிரிவு இன்னும் அகலமான வழியைத் திறந்துவைத்திருக்கிறது. எழுத்துத் தேர்வு ஒன்றில் தேறினால், பறந்துகாட்டும் தேர்வு இன்றியே, தனியார் உரிமத்தினும் உயர்ந்த வணிக விமானி உரிமத்தை அவர் பெறலாம். ஆகவே மணிகளை எண்ணிச் சேர்க்கும் தேவை பெரும்பாலும் பயிற்சியின் நடுவழியில் நின்றுபோனவருக்கே எழுகிறது; அவரை முன்வைத்தே இந்நடைமுறையை எடைபோட வேண்டும்.

தனியார் உரிமத்துக்குப் பொதுவாகக் குறைந்தது 40 மணிநேரப் பறப்பு வேண்டும்; அதில் 20 மணி பயிற்றுநருடனும் 10 மணி தனியாகவும் அமைதல் வேண்டும். படையின் டி-6 பயிற்சி விமானத்தில் பல வாரங்கள் பறந்தவரிடம் இந்த 20 மணிக்கு மேலேயே இருக்கக்கூடும் என்பதோடு, அந்த மணிகளின் அடர்த்தியும் வேறு. இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் சுழன்றபடி கீழிறங்கும் சுழல்வீழ்ச்சியிலிருந்து மீளும் முறையைப் படை மாணவர் வானிலேயே செய்து பழகுகிறார். சிவில் மாணவருக்கோ 1949இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டபின் அதைப் பற்றிய அறிவே போதுமானது. அமெரிக்க விமானப்படை ஓடுபாதையில் ஓட்டம் தொடங்குவதிலிருந்தே நேரத்தைக் கணக்கிட, சிவில் விதியோ விமானம் பறப்பதற்காகத் தன் விசையால் நகரத் தொடங்கியதிலிருந்தே கணக்கிடுகிறது. எனவே படையின் ஒரு மணி சிவில் அளவில் ஒரு மணிக்குச் சற்று மேலாகவே இருக்கும். இத்தகைய உழைப்பைத் தள்ளிவிட்டு ஒருவரை மீண்டும் முதற்பாடத்தில் உட்காரவைப்பது நியாயமாகாது.

ஆயினும் எண்ணிக்கை எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. 1,100 குதிரைத்திறன் கொண்ட டி-6உம், 160 அல்லது 180 குதிரைத்திறனுடைய செஸ்னா 172உம் விதியின் பார்வையில் ஒரே வகுப்பு, அதாவது தரையில் இறங்கும் ஒற்றை எஞ்சின் விமானங்கள். ஆனால் டி-6இல் ஒரே நெம்புகோல் எஞ்சினையும் சுழல்விசிறியையும் சேர்த்து ஆள்கிறது. பழைய செஸ்னாவிலோ உயரம் கூடக்கூட எரிபொருட்கலவையைக் குறைக்கும் சிவப்புக் குமிழையும், ஈரப்பதம் மிகுந்த நாளில் கார்புரேட்டரில் பனிக்கட்டி படியாமல் காக்கும் வெப்பக் குமிழையும் விமானியே நினைவில் வைத்து இயக்க வேண்டும். இவை சில நாட்களில் கைவந்துவிடும். ஆழமான இடைவெளி தீர்மானிப்பதில் இருக்கிறது. படை மாணவர் புறப்படலாமா என்பதைப் பிறர் முடிவுசெய்கின்றனர், வானிலையைப் பிறர் எடுத்துரைக்கின்றனர், இறங்குமிடத்தில் கோபுரம் வழிநடத்துகிறது. அமெரிக்காவின் ஏறத்தாழ 5,000 பொது விமானத்தளங்களில் பத்தில் ஒன்றில்தான் கட்டுப்பாட்டுக் கோபுரம் உண்டு. ஏனையவற்றில் விமானிகள் தம் இருப்பிடத்தை வானொலியில் தாமே அறிவித்து, ஒருவருக்கொருவர் வழிவிட்டு இறங்க வேண்டும். அப்பழக்கத்தை எந்த மணிக்கணக்கும் தந்துவிடாது.

விதியின் பெருங்குறை காலத்தைப் பற்றியது. படையில் பறந்த மணிகள் காலாவதியாவதில்லை; முப்பது ஆண்டுக்கு முன் பறந்தவரும் சென்ற ஆண்டு பறந்தவரும் ஒரே எண்ணிக்கையுடன் வரலாம். தேர்வுக்கு முந்தைய இரண்டு நாட்காட்டி மாதங்களுக்குள் பயிற்றுநருடன் 3 மணிநேரம் ஆயத்தப் பயிற்சி பெற வேண்டும் என்ற நிபந்தனையும், பயிற்றுநரின் ஒப்புதலும், இறுதியில் தேர்வாளர் உடனிருந்து நடத்தும் பறப்புத் தேர்வுமே இதற்கு வேலியாக நிற்கின்றன. நீண்ட இடைவெளிக்குப்பின் திரும்புபவருக்கு அந்த 3 மணி மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, படையில் பெற்ற அறிவிலும் திறனிலும் எது எதற்கு ஈடாகும் என்பதை வரையறுக்கும் மதிப்பீட்டு அறிக்கையை ஒவ்வொரு நாட்டிடமும் கேட்கிறது. அணுகுமுறை நிதானமானதே எனினும், அது படை உரிமம் பெற்றவரை நோக்கியே பேசுவதால் நடுவழியில் நின்றவரைக் கைவிட்டுவிடுகிறது.

அமெரிக்கத் தாராளத்தைச் சுருக்க வேண்டியதில்லை. தனிப்பறப்பில்தான் கண்டிப்பு வேண்டும். விமானத்தில் வேறெவரும் இல்லாதபோதே அது தனிப்பறப்பாகும் என்பதாலும், படையில் அவ்வாய்ப்பு ஒரு சில தடவையே கிட்டுவதாலும், பெரும்பாலோர் அந்த 10 மணியைச் சிவில் தளத்தில்தான் நிறைவுசெய்கின்றனர். அதில் அடங்கும் 150 கடல் மைல் நெடும்பயணத்தில் மூன்று இடங்களில் இறங்க வேண்டும். கோபுரமற்ற தளம் ஒன்றேனும் அவற்றுள் இருக்குமாறு பயிற்றுநர் வழியை வகுப்பாராயின், அன்று காலை வானத்தைப் பார்த்துப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் அந்த மாணவராகவே இருப்பார்.