மூன்று ஜோடி, ஒரே படம்

உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி என்று பள்ளியில் படித்திருப்போம்: காதுக்கு முன்னால், தாடைக்குக் கீழே, நாக்குக்கு அடியில். உதட்டிலும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கில் குட்டிச் சுரப்பிகள் உண்டு. சுருக்கத்துக்காக விட்டார்கள், சரி. எனக்கு இடிப்பது கூடவே வரும் படம். எல்லாருக்கும் உள்ளே இப்படித்தான் இருக்கும் என்று அது நம்ப வைத்துவிடுகிறது.

இந்தப் படங்களுக்கு நீண்ட பரம்பரை உண்டு. 1858-ல் வந்த 'கிரேஸ் அனாடமி'க்கு வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். பிறகு பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தவர். அபாரமான கை. ஆனால் எவ்வளவு நல்ல படமும் ஒரு உடம்பைத்தான் காட்டும்.

உடம்புகள் வேறு கதை சொல்கின்றன. கன்னத்தின் நடுவில், பரோடிட் குழாயை ஒட்டித் தனியாக ஒரு துணைச் சுரப்பி சிலருக்கு இருக்கும். 1977-ல் ஃப்ரோமர் வெளியிட்ட ஆய்வில் இது சுமார் 21 சதவீதம். அதாவது ஐந்தில் ஒன்று. இதை 'அபூர்வம்' என்று ஒதுக்க முடியுமா?

எங்கே சிக்கல்னா, அந்தத் துணைச் சுரப்பியில் கட்டி வந்தால் வெளியே சாதாரணக் கொழுப்புக் கட்டி மாதிரியே தெரியும். "சின்னதுதானே" என்று நேரே மேலே கீறினால் குழாயோ, பக்கத்தில் ஓடும் முகநரம்பின் கிளையோ அறுபடலாம். எச்சில் கன்னம் வழியே கசியும். மேலுதடு சரியாக அசையாது.

நரம்பும் எல்லாருக்கும் ஒரே வரைபடத்தில் ஓடுவதில்லை. 1956-ல் டேவிஸ் குழுவினர் 350 பாதி முகங்களை அறுத்துப் பார்த்து, கிளை பிரியும் விதத்தை ஆறு வகையாகப் பிரித்தார்கள். அதனால்தான் பரோடிட் அறுவையில் பொதுவாக அடிமரத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து கிளைகளைத் தொடர்ந்து போகிறார்கள்.

தாடைக்குக் கீழேயும் இதே கதைதான். கீழுதட்டை இறக்கும் நரம்பு, 1962-ல் டிங்மனும் கிராபும் பார்த்த 100 பாதி முகங்களில் 19-ல் தாடை எலும்பின் விளிம்புக்குக் கீழே இறங்கியிருந்தது. தாடைக்கு இரண்டு விரல் கீழே கீறுவது என்ற வழக்கத்துக்குக் காரணம் இதுதான். அடையாறு புற்றுநோய் நிலையம் மாதிரி இடங்களில் வாய்ப்புற்றுக்காகக் கழுத்தைத் திறக்கும்போது இந்த இரண்டு விரல்தான் ஒருவருடைய சிரிப்பு கோணாமல் காக்கிறது.

ஆக, அறுவை விதிகள் பலவும் விதிவிலக்குகளைப் பார்த்து எழுதப்பட்டவை. பாடப் படமோ விதிவிலக்கே இல்லாத உடம்பைக் காட்டுகிறது. நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை: கன்னத்தில் புள்ளிக்கோட்டில் ஒரு சின்ன வட்டம், கீழே "ஐந்தில் ஒருவருக்கு" என்று ஒரு குறிப்பு. அதைப் பார்த்து வளர்ந்தவர், கன்னக் கட்டியைக் கீறும் முன் "ஒரு ஸ்கேன் எடுத்துடலாமா டாக்டர்?" என்று கேட்பார். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் ஸ்கேன் சென்டருக்கா பஞ்சம்?