சைக்கிள் ஆசனமும் சஸ்பென்ஷன் தண்டும்

சாலையின் அதிர்ச்சியிலிருந்து சைக்கிள் ஓட்டுகிறவனின் முதுகைக் காப்பதற்கு அவனுடைய ஆசனத்தின் அடியில் ஒரு ஸ்பிரிங்கை வைக்க வேண்டும் என்னும் எண்ணம், சைக்கிளின் காற்றடைத்த டயரைக் காட்டிலும் பழமையானது. 1860-களில் பிரான்ஸ் தேசத்தில் மிஷோ குடும்பத்தார் செய்து விற்ற வண்டிகளில் மரச் சக்கரங்களும் அவற்றின்மேல் இரும்புப் பட்டையும் இருந்தமையால், ஆசனத்தை நீண்டதோர் எஃகு வில்லின்மீது ஏற்றி வைப்பதைத் தவிர வேறு கதி இருக்கவில்லை. 1888-ல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்ற பிறகும் ஸ்பிரிங் வண்டியை விட்டு அகன்றுவிடவில்லை. நம் தேசத்துத் தபால்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஆயுள் முழுவதும் ஓட்டிய ராலே, ஹெர்குலிஸ் வண்டிகளில், தோல் சீட்டின் பின்புறத்தைத் தாங்கி நின்ற இரண்டு தடித்த சுருள்களை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். எடை குறைந்த அலுமினிய வண்டிகள் வந்து, ஃபிரேம் விறைத்து, டயர் மெலிந்து, சீட்டும் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்தபோதுதான் அந்தச் சுருள்கள் மறைந்தன. பந்தயக்காரருக்கு அது லாபம். நிமிர்ந்து உட்கார்ந்து, உடம்பின் பாரம் முழுவதையும் இடுப்பின்மீது வைத்து ஓட்டுகிற நடுவயதினருக்கு அது பெரும் நஷ்டம்.

மறைந்த அந்தச் சௌகரியத்தைச் சீட்டுக்கு அடியில் வைக்காமல், சீட்டைத் தாங்கி நிற்கும் தண்டிலேயே அமைத்துத் தருவதுதான் சஸ்பென்ஷன் சீட் போஸ்ட் என்னும் சாதனம். இது இரண்டு ரூபங்களில் கிடைக்கிறது. முதலாவது, ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் இறங்கி ஏறும்படி செய்து, உள்ளே ஒரு சுருளை வைத்தது. விலை மலிவாக இருப்பதாலும், பார்த்தவுடனே அதன் வேலை விளங்கிவிடுவதாலும் பெரும்பாலோர் இதையே வாங்குகிறார்கள். நானும் இவ்வகைத் தண்டு ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். பெரும் பள்ளங்களில் அது தன் கடமையைச் செய்தது, ஆனால் சாதாரணமான கரடுமுரட்டில் அது இருப்பதாகவே தெரியவில்லை. இதற்கான காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. சைக்கிளின் சீட் குழாய் செங்குத்தாக நிற்பதில்லை; தரையோடு ஏறக்குறைய 73 பாகைக் கோணத்தில் பின்புறம் சாய்ந்து நிற்கிறது. நம் பாரமோ செங்குத்தாகக் கீழ்நோக்கி விழுகிறது. ஆகவே பாரத்தின் ஒரு பகுதி உள் குழாயை இறக்குவதற்குப் பதிலாக அதை வளைக்க முற்படவும், மேஜையின் இழுப்பறையை ஒரு மூலையில் மட்டும் பிடித்து இழுத்தால் அது கோணிக்கொண்டு சிக்குவதைப் போல, இரண்டு குழாய்களும் ஒன்றோடொன்று அழுந்தி உராய்கின்றன. அந்த உராய்வை வெல்லக்கூடிய பெரிய அதிர்ச்சிக்கு மட்டுமே ஸ்பிரிங் பணியும். சிறிய அதிர்வுகள் யாவும் நேரே முதுகெலும்புக்கு வந்து சேரும். நாளடைவில் உட்புறத்துப் புஷ் தேய்ந்து, சீட்டின் மூக்கு இடமும் வலமும் ஆடத் தொடங்குவதும் இவ்வகைக்கு இயல்பு.

இங்கேதான் இச்சாதனத்தைப் பற்றிய என் முக்கியமான அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும். ஒரு தண்டு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்பதையே விளம்பரங்கள் பெரிதாகச் சொல்கின்றன. வாங்குகிறவர்களும் அதையே கேட்கிறார்கள். உண்மையில் கேட்க வேண்டியது, எவ்வளவு சிறிய அதிர்ச்சிக்கு அது இறங்கத் தொடங்குகிறது என்பதுதான். உராய்ந்து நிற்கும் 50 மில்லிமீட்டரைவிட, உடனே பணியும் 20 மில்லிமீட்டர் நாள் முழுவதும் உடம்புக்கு அதிகமான உபகாரத்தைச் செய்யும்.

இரண்டாவது ரூபம் இந்த நியாயத்தை அறிந்து அமைக்கப்பட்டது. தண்டின் தலைப்பில் இணைகர வடிவத்தில் இரண்டு கைகள், நான்கு அச்சாணிகளில் சுழலுமாறு பொருத்தப்பட்டிருக்கின்றன. சீட்டு நேர்கோட்டில் இறங்காமல், பின்னோக்கியும் கீழ்நோக்கியும் ஒரு வில்வளைவாகச் செல்கிறது. குழாய்க்குள் குழாய் தேய்வதற்குப் பதிலாக ஆணிகள் மட்டுமே சுழல்வதால் உராய்வு மிகக் குறைவு. இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் எப்போதும் இணையாகவே இருக்குமாகையால், எவ்வளவு இறங்கினாலும் சீட்டு மூக்கைத் தூக்குவதோ கவிழ்ப்பதோ இல்லை. சீட்டு பின்னோக்கி நகர்வதால், கீழே இறங்கினாலும் பெடலுக்கும் நமக்கும் உள்ள தூரம் அதிகமாகக் குறைந்துவிடுவதில்லை. கால்கள் தம் லயத்தை இழக்காமல் சுழன்றுகொண்டே இருக்கின்றன. அமெரிக்காவின் கேன் கிரீக் நிறுவனம் விற்கும் தட்பஸ்டர் இவ்வகையில் நெடுங்காலப் புகழ் வாய்ந்தது. அதில் எஃகுச் சுருளின் ஸ்தானத்தில் ரப்பரைப் போன்ற எலாஸ்டோமர் துண்டுகள் வேலை செய்கின்றன. அவை குளிரில் இறுகும், வெயிலில் இளகும் தன்மை உடையவை. ஆகையால் நான் பரீட்சைக்கு எடுத்துக்கொண்டது, சன்டூர் நிறுவனத்தின் எஸ்.பி. 12 என்.சி.எக்ஸ். என்னும், 50 மி.மீ. இறங்கக்கூடிய, எஃகுச் சுருள் கொண்ட தண்டு. இதன் சுருள் தண்டின் குழாய்க்குள்ளேயே மறைந்திருக்கிறது. இணைகரம் மடங்கும்போது ஓர் உருளை அச்சுருளை அழுத்துகிறது.

பொருத்துவதில் சிரமம் இல்லை. அளப்பதில்தான் கவனம் வேண்டும். சீட் தண்டின் விட்டம் வண்டிக்கு வண்டி வேறுபடும், 27.2, 30.9, 31.6 மி.மீ. ஆகியவை இக்காலத்து வண்டிகளில் சாதாரணமாகக் காணப்படுபவை. பழைய தண்டை வெளியே எடுத்தால் அதன் அடியில் அளவு பொறித்திருக்கும். மெல்லிய தண்டை அகன்ற குழாயில் இடைக்குழல் வைத்துப் பொருத்திவிடலாம். அகன்ற தண்டை மெல்லிய குழாயில் நுழைக்க வழியே இல்லை. அத்துடன் இணைகரமும் தலைப்பும் சேர்ந்து 10 செ.மீ. அளவுக்கு உயரத்தை எடுத்துக்கொள்ளுகின்றன. பெரிய ஃபிரேமில் சீட்டை மிகவும் தாழ்த்தி ஓட்டுகிறவர்கள், வாங்குவதற்கு முன்னால் இந்த இடத்தை அளந்துகொள்ளுவது அவசியம்.

அடுத்தது ஸ்பிரிங்கின் இறுக்கம். தண்டின் அடிப்புறத்தில் அலன் கீ கொண்டு திருகும் ஒரு திருகு இருக்கிறது. சைக்கிளைச் சுவரோரமாக நிறுத்தி ஏறி அமர்ந்து, சீட்டு எவ்வளவு தாழ்கிறது என்று மற்றொருவரைக் கொண்டு அளக்கச் செய்தேன். 50 மில்லிமீட்டரில் 10 முதல் 15 வரை வெறும் பாரத்திலேயே தாழ வேண்டும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சீட்டு மேலெழுந்து உடம்பைத் தாங்குவதற்கு இந்த இடம் வேண்டியிருக்கிறது. தாழாமல் விறைத்து நிற்கும்படி திருகிவிட்டால் இச்சாதனத்தின் பாதிப் பிரயோஜனம் அங்கேயே போய்விடும். தாழ்ந்த அளவுக்குச் சீட்டை உயர்த்திக்கொள்ளவும், தண்டின் தலைப்பு சற்றுப் பின்னே இருப்பதால் சீட்டைக் கம்பிகளின்மேல் கொஞ்சம் முன்னே தள்ளிக்கொள்ளவும் மறக்கலாகாது. இவ்விரண்டையும் செய்யாவிட்டால் முழங்கால் வலிக்கும். பழி தண்டின்மேல் விழும்.

மதுரையிலிருந்து அழகர்கோவில் செல்லும் சாலையிலும், அங்கிருந்து வயல்களுக்கிடையே பிரியும் கிராமச் சாலைகளிலும் இதைப் பல நாட்கள் ஓட்டினேன். அமர்ந்திருக்கும் மனித சரீரம் செங்குத்தான அதிர்வுகளில் விநாடிக்கு 4 முதல் 8 வரை வருபவற்றால்தான் அதிகமாகத் துன்புறுகிறது என்பதை 2631 என்ற எண்ணுள்ள சர்வதேசத் தர விதி ஏற்றுக்கொண்டிருக்கிறது. மணிக்கு 18 கி.மீ. வேகம் என்பது விநாடிக்கு 5 மீட்டர். அந்த வேகத்தில் மீட்டருக்கு ஒரு மேடு வீதம் அலையலையாகக் கிடக்கும் சாலையில் சென்றால், விநாடிக்கு 5 அதிர்ச்சிகள், அதாவது உடம்பு மிகவும் வெறுக்கிற எண்ணிக்கையிலேயே வந்து சேருகின்றன. தண்டுக்கும் இதுவே கடினமான பரீட்சை. திருகு தளர்ந்திருந்தபோது சீட்டு சாலையோடு சேர்ந்து தாளம் போட்டு ஊசலாடியது; கொஞ்சம் முறுக்கியவுடன் அந்த ஆட்டம் அடங்கியது என்றாலும் அலை முற்றிலும் மறையவில்லை. பேவர் பிளாக் பதித்த தெருக்களில் கதையே வேறு. ஏறக்குறைய 20 செ.மீ.க்கு ஒரு விளிம்பு என்றால் அதே வேகத்தில் விநாடிக்கு 25 அதிர்வுகள். பற்களை நடுங்கச் செய்யும் அந்தச் சன்னமான அதிர்வு, சீட்டில் அமர்ந்த உடம்புக்கு எட்டாமலே கரைந்துபோயிற்று. உள்ளங்கைகள் மட்டும் அதே தெருவில் முன்போலவே விறுவிறுத்துக்கொண்டிருந்ததனால், தண்டு எவ்வளவை விழுங்குகிறது என்பதை ஒரே சமயத்தில் ஒப்பிட்டு உணர முடிந்தது. தார் பெயர்ந்து ஜல்லி தலைநீட்டும் சாலையில்தான் எனக்கு மிகுதியான திருப்தி உண்டாயிற்று. முன்பெல்லாம் அத்தகைய இடம் வந்தால் மிதிப்பதை நிறுத்திப் பெடல்மீது எழுந்து நின்றுவிடுவேன். இப்போது அமர்ந்தபடியே மிதித்துச் செல்லுகிறேன். வேகம் கூடிற்று என்று சொல்லமாட்டேன். நெடுந்தூரத்தின் கடைசிப் பகுதியில் இடுப்பு இறுகிப்போகும் துன்பம் பெருமளவுக்கு நீங்கிவிட்டது என்பதை நிச்சயமாகச் சொல்லுவேன்.

வேகத்தடைகளுக்கு இது பரிகாரம் அல்ல. வேகமாகச் சென்று அமர்ந்தபடியே மோதினால் ஸ்பிரிங் முழுவதும் அழுந்தி, கடைசியில் ஓர் அடி விழத்தான் செய்யும்.

இதன் எல்லைகளையும் அறிந்துகொள்ள வேண்டும். சஸ்பென்ஷன் உள்ள ஃபிரேமில் சக்கரம் மட்டும் ஏறி இறங்க, வண்டி அமைதியாகச் செல்லும். இங்கே வண்டி முழுவதும் அதிர, அமர்ந்தவர் மட்டுமே அமைதியாக இருக்கிறார். ஆதலால் காரியரில் கட்டிய சுமைக்கும், பின்னால் உட்கார்ந்தவருக்கும், மணிக்கட்டுகளுக்கும் இதனால் ஒரு பயனும் இல்லை. சீட் தண்டிலேயே மாட்டும் குழந்தை ஆசனத்தை இதில் மாட்டவே கூடாது. அசையும் கைகளுக்கிடையே பிஞ்சு விரல்கள் அகப்படக்கூடும். சாதாரண அலுமினியத் தண்டைவிட இது இரண்டு மூன்று மடங்கு கனமானது என்பதும், குனிந்து ஓட்டுகிற பந்தயக்காரருக்கு அந்தக் கனம் வீண் என்பதும் உண்மையே.

மேலும், பணம் செலவழிப்பதற்கு முன்னால் டயரின் காற்றைப் பார்த்துவிட வேண்டும். 38 மி.மீ. அகலமுள்ள டயரில் சதுர அங்குலத்துக்கு 70 ராத்தல் அளவுக்குக் கல்லைப் போல் காற்றடைத்துக்கொண்டு முதுகு வலிக்கிறது என்று சொல்லுகிறவர்கள் பலர். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள், 50 ராத்தல் அளவுக்கு இறக்கிப் பாருங்கள்; காசில்லாமல் கிடைக்கும் இந்தச் சுகம் கைகளுக்கும் சேர்த்தே கிடைக்கும். அதன் பிறகும் இடுப்பில் அதிர்ச்சி மிஞ்சுமானால், இணைகரத் தண்டை நான் தயங்காமல் சிபாரிசு செய்கிறேன். நம் ஊர்ப் புழுதி அச்சாணிகளில் புகாமலிருக்க, அதற்கென்றே விற்கும் துணியுறையையும் கூடவே வாங்கி மாட்டி, மழைக்காலம் கழிந்தவுடன் ஆணிகளைத் துடைத்துக் கிரீஸ் இட்டுவிட வேண்டும். மிகவும் மெலிந்தவர்களும் மிகவும் பருத்தவர்களும் கடையில் கிடைத்த சுருளோடு திருப்திப்பட்டுவிடாமல், தங்கள் எடைக்கு ஏற்ற மெதுவான சுருளையோ கடினமான சுருளையோ தனியே கேட்டு வாங்கி மாற்றிக்கொள்வது நலம்.