கால் டேங்கில் நின்ற முள்

டேங்க் நிரம்ப பெட்ரோல் இருக்கிறது. 12 கேலன், அதாவது 54 லிட்டருக்குச் சற்று அதிகம். டேஷ்போர்டில் முள் கால் பாகத்தைக்கூட எட்டவில்லை. ஓட்ட ஓட்ட இன்னும் இறங்கி, பாதி டேங்க் தீர்வதற்குள் 'இ' எழுத்துக்குப் பக்கத்தில் படுத்துவிடுகிறது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் இருக்கும் நண்பரின் 1971 எம்ஜிபி ரோட்ஸ்டரில் இதுதான் கோளாறு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பலர் இதைப் பொருட்படுத்துவதே இல்லை. ஓடிய மைலை வைத்து மனக்கணக்குப் போட்டே காலத்தை ஓட்டிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஒழுங்காக வேலை செய்யும் ஃபியூல் கேஜ் அந்தக் காரின் உரிமை. அதைச் சரிசெய்ய ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

நண்பர் ஏற்கெனவே இரண்டு பெட்டிகள் வாங்கி வைத்திருந்தார். ஒன்றில் புது டேங்க் யூனிட், மற்றொன்றில் எலக்ட்ரானிக் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பழையதைக் கழற்று, புதியதை மாட்டு என்பதுதான் அவருக்குக் கிடைத்திருந்த ஆலோசனை. இரண்டையும் காரோடு வைத்துப் பரிசோதித்துப் பார்த்தேன்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை அபிங்டன் ஆலையில் தயாரான கார். 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. நம் அம்பாசிடரில் 1489 சிசி இன்ஜினாக ஓடிய அதே பி-சீரிஸ் குடும்பம்தான் இதில் 1798 சிசியாக உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் டேங்க், டிக்கித் தரைக்கு அடியில் அகலமாகவும் தட்டையாகவும் தொங்குகிறது. இந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் வேகமாகத் திரும்பினால் உள்ளே பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும், மட்டத்தை அளக்கும் மிதவையும் கூடவே ஏறி இறங்கும். ஆரம்ப கால எம்ஜிபிகளில் இருந்த காந்தவகை கேஜ் இந்த ஆட்டத்தையெல்லாம் அப்படியே முள்ளில் காட்டியது. அடுத்து வந்த ஸ்மித்ஸ் கேஜ் வேறு ரகம். சாவியைத் திருப்பினால் முள் சட்டென்று எழாது, அரை நிமிடம் போல எடுத்துக்கொண்டு மெல்ல ஏறும். மந்தமாக இருக்கிறதே என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஸ்போர்ட்ஸ் காருக்கு இதைவிடப் பொருத்தமான கேஜ் இல்லை என்பது என் கருத்து.

இந்த மந்தம் எங்கிருந்து வருகிறது? கேஜுக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை இருக்கிறது. அதன்மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடேறும், சூட்டில் பட்டை வளையும், வளைந்த அளவுக்கு முள் நகரும். இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட்டில் இருப்பதும் இதே இரட்டை உலோகப் பட்டைதான். டேங்க் யூனிட்டில் மிதவையோடு சேர்ந்த ஒரு கை, மின்தடைக் கம்பியின்மேல் உரசிக்கொண்டு நகர்கிறது. டேங்க் நிறைந்தால் தடை 30 ஓம் பக்கம், காலியானால் 270 பக்கம். பாதி டேங்குக்கு இரண்டுக்கும் நடுவே 150 இருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை, அது 70 ஓம் பக்கம்தான் வரும். சூடு மின்சாரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், டேங்க் யூனிட்டின் கம்பியையும் அதற்கேற்பவே சுற்றியிருக்கிறார்கள். இந்த 70 பின்னால் தேவைப்படும்.

அதே வர்க்கக் கணக்கு இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. இன்ஜின் நிற்கும்போது பேட்டரி 12 வோல்ட், ஓடும்போது 14. இதை நேரே கேஜுக்குக் கொடுத்தால் சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பெட்ரோல் பெருகியது போல முள் ஏறும். அதைத் தடுக்கத்தான் டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு தகர டப்பா, வோல்டேஜ் ஸ்டெபிலைசர். அதற்குள்ளும் சூடேறி வளையும் ஒரு பட்டைதான். சூடானால் காண்டாக்ட் விலகும், ஆறினால் ஒட்டும். இப்படி விட்டுவிட்டுக் கொடுத்து, மொத்தத்தில் 10 வோல்ட்டுக்குச் சமமான சூட்டைத் தருகிறது. சிப் எதுவும் இல்லாமல், கேஜ் எந்த இயற்பியலில் ஓடுகிறதோ அதே இயற்பியலாலேயே அதைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். இதை வடிவமைத்தவர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

இனி பரிசோதனை. முதலில் ஃபியூஸ். கேஜுக்கு வரும் பச்சை வயரில்தான் இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் இருக்கின்றன. அவை எரிகின்றன, எனவே ஃபியூஸ் நல்ல நிலையில் இருக்கிறது. அடுத்து, ஹெட்லைட்டைப் போட்டு பிரேக்கையும் சிறிது நேரம் மிதித்துப் பிடித்துக்கொண்டு முள்ளைக் கவனித்தோம். பின்விளக்குகளின் எர்த்தும் டேங்க் யூனிட்டின் எர்த்தும் ஒன்றாகச் சேர்ந்து, அந்தப் பொது இணைப்பு மோசமாக இருந்தால், விளக்கு எரியும்போது முள் இன்னும் தாழும். இங்கே தாழவில்லை.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. காருக்கு அடியில் படுத்தால், டேங்கின் பக்கவாட்டில் டேங்க் யூனிட் தெரியும். கறுப்புக் கோடு போட்ட பச்சை வயர் ஒன்று அதில் வந்து சேர்கிறது. பல மெக்கானிக்குகள் அந்த வயரை உருவி நேராக பாடியில் தொட்டுப் பார்ப்பார்கள். முள் எழுந்தால் மேலே எல்லாம் சரி என்று அர்த்தம். இந்த முறை எனக்குப் பிடிக்காது. பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் பொறி பறக்க வழிசெய்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டால் முள் 'எஃப்' தாண்டி முட்டி, கேஜும் கெடும். அதற்குப் பதில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் மூன்று ரெசிஸ்டர்கள் போதும்: 33 ஓம், 68 ஓம், 270 ஓம். ஒரு வாட் தாங்குவதாக வாங்கிக்கொள்ளுங்கள். சாவி அணைந்திருக்கும்போது வயருக்கும் பாடியின் சுத்தமான இரும்புக்கும் இடையே ரெசிஸ்டரை மாட்டி, பிறகு சாவியைப் போட வேண்டும். 33 மாட்டினோம், முள் நிதானமாக 'எஃப்' வரை போனது. 68-க்கு நடுவில் நின்றது. 270-க்கு 'இ'.

கேஜ், ஸ்டெபிலைசர், காரின் முன்னிருந்து பின்வரை ஓடும் வயர் மூன்றும் நல்ல நிலையில் இருப்பது இந்த ஒரே சோதனையில் தெரிந்துவிட்டது. எனவே ஸ்டெபிலைசருக்குக் கொடுத்த காசு இந்தக் கோளாறுக்காகத் தேவைப்படவில்லை. மிச்சம் இருப்பது டேங்க் யூனிட்டும் அதன் எர்த்தும் மட்டுமே.

மல்டிமீட்டரை ஓமில் வைத்து டேங்க் யூனிட்டின் முனைக்கும் அதன் உலோக உடம்புக்கும் நடுவே அளந்தால் 34. நிறைந்த டேங்குக்கு இது மிகச் சரி. மீட்டரின் கறுப்பு முனையை அங்கிருந்து எடுத்து காரின் பாடியில் வைத்தால் 120-க்கு மேல். ஒரே மிதவை, ஒரே நிலை, ஆனால் இரண்டு அளவுகள். நடுவில் தொண்ணூறு ஓம் போல எங்கோ ஒளிந்திருக்கிறது. பாவம், கேஜ் தனக்கு வந்த கணக்கைச் சரியாகவே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. டேங்க் யூனிட்டின் 34-ஓடு அந்தத் தொண்ணூறையும் கூட்டினால் முள் கால் பாகத்துக்குக் கீழேதான் நிற்கும்.

புது ஸ்டெபிலைசர் கைகொடுத்தது இந்த இடத்தில்தான். பழைய ஸ்டெபிலைசர் விட்டுவிட்டுக் கொடுப்பதால் டிஜிட்டல் மீட்டரில் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும், எதையும் நம்பிப் படிக்க முடியாது. எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசரை மாட்டியதும் 10 வோல்ட் அசையாமல் நின்றது. சாவியைப் போட்டு, டேங்க் யூனிட்டின் உடம்புக்கும் காரின் பாடிக்கும் நடுவே வோல்டேஜை அளந்தேன். எர்த் நன்றாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். இங்கே 5 வோல்ட்டை நெருங்கியது. கேஜுக்குக் கிடைக்கும் பத்தில் பாதி, எர்த்திலேயே தீர்ந்துகொண்டிருந்தது.

காரணம் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. முன்பு எப்போதோ டேங்கை மாற்றியவர்கள் அதன்மேலும் பாடிமேலும் அண்டர்சீலைத் தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். துருவைத் தடுக்க அது நல்லதுதான். ஆனால் போல்ட் வழியாக டேங்குக்குக் கிடைக்க வேண்டிய எர்த் அதோடு போய்விட்டது. எஞ்சியது ஒரே ஒரு கறுப்பு வயர். அதன் முனையில் இருந்த வளையத்தைச் சுரண்டியதும் பச்சைப் பாசி போலச் செம்புக் களிம்பு உதிர்ந்தது. வயரை வெட்டி, புது வளையம் அழுத்தி, பாடியில் பெயின்டைச் சுரண்டி, கிரீஸ் தடவி இறுக்கினோம். இப்போது இரண்டு அளவுகளும் ஒன்றுக்கொன்று ஒரு ஓமுக்குள் வந்துவிட்டன. சாவியைப் போட்டதும் முள் தன் வழக்கமான நிதானத்தோடு ஏறி 'எஃப்' பக்கம் போய் நின்றது.

புது டேங்க் யூனிட்டை மேசையிலேயே சோதித்தோம். யார் புதிது வாங்கினாலும் இதைச் செய்துவிட்டுத்தான் காருக்கு அடியில் போக வேண்டும். மிதவைக் கையை மேலிருந்து கீழ்வரை மெல்ல நகர்த்தி ஓமைக் கவனியுங்கள். இந்த யூனிட்டில் மேல் எல்லையும் கீழ் எல்லையும் பரவாயில்லை. நடுவில்தான் கோளாறு. 70 இருக்க வேண்டிய இடத்தில் 120-ஐத் தாண்டியது. மாட்டியிருந்தால் பாதி டேங்கிலேயே முள் கால் பாகம் காட்டும். உள்ளே உரசும் முனையும் இரண்டு இடங்களில் துள்ளியது. இதைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். பழைய யூனிட்டின் மிதவையில் ஓட்டை இல்லை, கம்பி அறவில்லை. அது இருக்கும்வரை இதற்கு வேலையில்லை.

பழைய யூனிட்டைக் கழற்றித்தான் தீர வேண்டும் என்ற நிலை வந்தால், பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, டேங்கில் பெட்ரோல் மட்டத்தை அந்தத் துளைக்குக் கீழே கொண்டுவந்த பிறகே தொடுங்கள். பூட்டு வளையத்தைத் தட்டித் திருப்பப் பித்தளைத் துண்டைப் பயன்படுத்துங்கள். இரும்பில் இரும்பு பட்டால் பொறி வரும். வேலை திறந்த வெளியில்தான் நடக்க வேண்டும்.

எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசரைப் பற்றி நல்லதாகவே சொல்ல முடியும். பழைய டப்பா வடிவிலேயே, உள்ளே 7810 வகை ரெகுலேட்டர் சிப். பழையதை நிமிர்த்தித்தான் மாட்ட வேண்டும், இதற்குத் திசை கிடையாது. காண்டாக்ட் விலகி ஒட்டுவதால் ரேடியோவில் வரும் கரகரப்பும் இதில் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும், அதற்குப் பிறகே நெகட்டிவ். பழைய பட்டை வகைக்கு இந்த வேறுபாடு தெரியாது. சிப்புக்குத் தெரியும், மாற்றி மாட்டினால் செத்துவிடும். இரண்டாவது, டப்பாவின் எர்த். அது விட்டுப்போனால் பழையதும் புதியதும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். கேஜுக்கு முழு பேட்டரி வோல்டேஜும் போய், இல்லாத பெட்ரோலை முள் காட்டும். அதே ஸ்டெபிலைசரில் வேறு கேஜும் இருந்தால் அதுவும் சேர்ந்து ஏறும். இரண்டு முள்கள் ஒரே நேரத்தில் எக்கச்சக்கமாகக் காட்டினால் டேங்க் பக்கமே போகாமல், நேராக டேஷ்போர்டுக்குப் பின்னால் கைவையுங்கள்.

பழைய கார்களுக்கு மட்டும் வரும் வியாதி இது என்று எண்ண வேண்டாம். 1997 முதல் 2004 வரை வந்த ஐந்தாம் தலைமுறை செவ்ரோலே கார்வெட்டில் இருபுறமும் இரண்டு டேங்குகள், கணக்குப் போடக் கணினி எல்லாம் உண்டு. பெட்ரோலில் இருக்கும் கந்தகம் சென்சாரின் காண்டாக்டுகளில் படிந்து, அதிலும் முள் தாறுமாறாக ஆடியது. பலருக்குப் பெட்ரோலில் கலக்கும் கிளீனரே அதைத் தீர்த்துவைத்தது.

நண்பரின் எம்ஜிபியில் பழைய கேஜ், பழைய டேங்க் யூனிட், புது ஸ்டெபிலைசர் என்று வைத்து மூடினோம். பழைய ஸ்டெபிலைசர் உதிரியாக டூல் பையில் போனது. நிறைந்த டேங்கில் முள் 'எஃப்' கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கிறது. கேஜின் முதுகில் இரண்டு சிறு துளைகள் உண்டு, அவற்றின் வழியாக மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் தனித்தனியே திருத்தலாம். அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 270 ஓமுக்கு முள் சரியாக 'இ'யில் நிற்கிறது. நடு ரோட்டில் நிற்காமல் வீடு வந்து சேர அந்தக் கீழ் எல்லைதான் வேண்டும்.