பழைய லேத்துக்கு என்ன விலை?

கோவை கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ பழைய லேத் ஒன்று கைமாறும்போது பேச்சு பெரும்பாலும் மூன்று கேள்விகளுக்குள் முடிந்துவிடும். எத்தனை அடி? எத்தனை டன் நிற்கும்? யாருடைய மேக்? இதற்குமேல் வாங்க வந்தவர் கொஞ்சம் விவரமானவராக இருந்தால், சக்குக்குப் பக்கத்தில் பெட்டின் மேல் நகத்தை இழுத்துப் பார்ப்பார். "பாருங்ணா, நகத்துல ஒண்ணுமே தட்டல" என்று தரகர் சொல்வார். பத்தாயிரம் குறைத்துக் கேட்டு, ஐயாயிரத்தில் முடித்து, கிரேனுக்குச் சொல்லிவிடுவார்கள்.

இந்த முறையை அறியாமை என்று ஒதுக்குவது சுலபம், ஆனால் சரியில்லை. பல வருடமாகப் பட்டறைக்காரர்கள் இதை வைத்துத்தான் வாங்கி விற்றிருக்கிறார்கள். பெரும்பாலோர் கையைச் சுட்டுக்கொள்ளவும் இல்லை. இரும்பை இந்த முறை நியாயமாகவே மதிப்பிடுகிறது. தேய்மானத்தைத்தான் தலைகீழாக மதிப்பிடுகிறது. சில ஆயிரத்தில் சரிசெய்யக்கூடிய, கண்ணில் படும் குறைக்கு விலையை வெட்டுகிறது. இயந்திரத்தின் பாதி விலையை விழுங்கக்கூடிய குறையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது.

முதலில் எடைக் கணக்கு. ஒரு டன் எடையுள்ள லேத், வார்ப்பிரும்பு ஸ்கிராப் கிலோ 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 35,000 ரூபாய்க்குக் கீழே எந்த நாளும் போகாது. விற்பவருக்கு அது தரை. வாங்குபவருக்கோ, எல்லாம் கெட்டுப்போனாலும் திரும்பக் கிடைக்கும் பணம். பல பழைய பொருள்களுக்கு இவ்வளவு தெளிவான அடிவிலை கிடையாது. எடைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. கனமான பெட்டும் ஹெட் ஸ்டாக்கும் அதிர்வை உள்வாங்கும். ஆழமாக வெட்டினாலும் ஜாப்பில் அலை விழாது. ஆக எடை என்பது ஸ்கிராப் விலை மட்டுமல்ல, ஓரளவுக்குத் தரத்தின் அளவும்கூட. சிக்கல், இந்த அடிவிலையே மேல்விலையையும் இழுத்துப் பிடிப்பதில்தான். "ஸ்கிராப்புக்குப் போட்டாலே இவ்வளவு வருதுங்க" என்று தொடங்கும் பேரத்தில், நன்றாகப் பராமரித்த இயந்திரமும் பாழாய்ப்போன இயந்திரமும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

அடிக் கணக்கு இன்னும் மோசம். ஆறடி லேத் என்றால் பெட்டின் மொத்த நீளம் ஆறடி. ஹெட் ஸ்டாக்கும் டெயில் ஸ்டாக்கும் உட்கார்ந்தது போக இரு சென்டர்களுக்கு நடுவே மிஞ்சுவது ஏறக்குறைய மூன்றடிதான். பட்டறைக்குத் தேவையான நீளம் அதுவே தவிர ஆறடி அல்ல. பெரிய கம்பெனிகள் இதை ஒழுங்காகவே சொல்லின. எச்எம்டியின் என்எச் 22 என்றால் சென்டர் உயரம் 220 மில்லிமீட்டர், என்எச் 26 என்றால் 260. சென்டர்களுக்கு இடையிலான தூரத்தைத் தனியாகக் குறிப்பிடுவார்கள். நம் சந்தை மட்டும் இன்னும் அடியிலேயே நிற்கிறது. இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஒரு டேப்பை எடுத்து அளந்தால் தீர்ந்தது.

பெயருக்குப் போடும் விலை அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. 1953இல் பெங்களூரில் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய எச்எம்டி, ஹரிஹரில் லேத் செய்த மைசூர் கிர்லோஸ்கர், நம்மூர் பிஎஸ்ஜி ஆகிய பெயர்களுக்கு விலை கூடுவதில் நியாயம் இருக்கிறது. பெட்டைக் கடினப்படுத்தி கிரைண்டிங் செய்திருப்பார்கள், கியர்களையும் கடினப்படுத்தியிருப்பார்கள். பட்டாலாவிலிருந்தும் ராஜ்கோட்டிலிருந்தும் வரும் மலிவான லேத்துகளில் இதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் பெயருள்ள இயந்திரத்தை யார் வாங்கியிருப்பார்கள் என்று யோசியுங்கள். இரண்டு ஷிப்ட், மூன்று ஷிப்ட் ஓட்டுகிற உற்பத்திக்காரர்தான். அதே வருடம் ஒரு நூற்பாலையின் மெயின்டெனன்ஸ் பிரிவுக்கு வந்த சாதாரண லேத், வாரத்தில் சில மணி நேரம் ஏதோ ஒரு ஷாஃப்டையோ புஷ்ஷையோ கடைந்துவிட்டு மீதி நேரம் உறை போட்டுக் கிடந்திருக்கும். ஆலை மூடி ஏலத்துக்கு வரும்போது அது "லோக்கல் மேக்". முதல் கேள்வி யார் செய்தது என்றால், இரண்டாவது கேள்வி எங்கே ஓடியது என்றுதான் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை.

இனி தேய்மானம். வாங்க வருபவர் முதலில் செய்வது கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பது. கால் சுற்று சும்மா சுற்றினால் முகம் சுருங்கும், விலை இறங்கும். இந்த ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்த கன்மெட்டல் நட். அதே பட்டறையில் அதே லேத்திலேயே புதிதாகக் கடைந்து போட்டுக்கொள்ளலாம். திருகின் நடுப்பகுதி தேய்ந்திருந்தாலும் திருகையும் மாற்றலாம். ஒரே பக்கமாகத் திருப்பி வெட்டப் பழகிய டர்னருக்கு இந்த ஆட்டம் ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் பேரத்தில் அதிக வலுவோடு பேசப்படும் குறை இதுதான்.

அடுத்தது பெட்டின் மேல் இழுக்கும் நகம். சின்ன ஜாப்புகளே அதிகம் வரும் என்பதால் கேரேஜ் சக்குக்கு அருகிலேயே போய் வந்துகொண்டிருக்கும். பெட் அங்கேதான் தேயும். கேரேஜ் எட்டாத கடைசி இரண்டு அங்குலம் மட்டும் பழைய உயரத்திலேயே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் விழும் சின்னப் படியை நகம் கண்டுபிடித்துவிடும். அருமையான சோதனை, செலவும் இல்லை. ஆனால் யாரோ பெட்டை கிரைண்டிங் செய்திருந்தால் அந்தப் படி இருக்காது. அப்போது நகம் "ஒண்ணுமே தட்டல" என்றுதான் சொல்லும். கிரைண்டிங் செய்தபின் சேடிலுக்கு அடியில் டர்சைட் பட்டை ஒட்டி உயரத்தைச் சரிசெய்திருந்தால் அது நல்ல வேலை. செய்யாமல் பெயின்ட் மட்டும் அடித்திருந்தால் கேரேஜ் முழுவதும் கீழே இறங்கி நிற்கும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கேரேஜை ஹெட் ஸ்டாக் பக்கம் கொண்டுபோய், கியர் பாக்ஸ் அருகே லீட் ஸ்குரூவைக் கவனித்துக்கொண்டே ஹாஃப் நட்டைப் போட வேண்டும். ஸ்குரூ கீழ்நோக்கி இழுபட்டு வளைந்தால், கேரேஜின் உயரம் சரிசெய்யப்படவில்லை. டெயில் ஸ்டாக்குக்கு அடியில் ஷிம் தகடு எட்டிப் பார்க்கிறதா என்றும் குனிந்து பார்ப்பது நல்லது.

படித்த வாங்குபவர் நகத்தை நம்பாமல் ஸ்ட்ரெயிட் எட்ஜும் ஃபீலர் கேஜும் கொண்டுவருவார். அவரும் ஏமாறலாம், ஆனால் எதிர்த்திசையில். பெட்டின் மட்டம் 0.1 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து, இயந்திரமே வேண்டாம் என்று திரும்பிவிடுவார். டூல் நேராக 0.1 மில்லிமீட்டர் கீழே இறங்கினால் 25 மில்லிமீட்டர் ஷாஃப்டின் விட்டம் எவ்வளவு மாறும்? ஒரு மைக்ரானுக்கும் குறைவாகத்தான். வெட்டும் முனை வட்டத்தின் ஓரத்தை ஒட்டியே நகர்வதுதான் காரணம். அதே 0.1 மில்லிமீட்டர் டூல் பக்கவாட்டில் விலகினால் விட்டம் 200 மைக்ரான் மாறிவிடும். முன்பக்கத்து வி வழி மட்டும் தேய்ந்து சேடில் சாய்ந்தால், கீழே இறங்கிய தேய்மானமே பக்கவாட்டு விலகலாக மாறிவிடும் என்பது வேறு. ஆகவே பெட்டை அளப்பதைவிடக் கடைந்து பார்ப்பதே முக்கியம்.

அதற்கான முறை பழையது. 40 மில்லிமீட்டர் கம்பியைச் சக்கில் பிடித்து, சென்டர் கட்டாமல், ஒரு சாண் நீளம் வெளியே நிற்கவிட வேண்டும். நடுப்பகுதியை ஒதுக்கி இரண்டு முனைகளிலும் இரண்டு வளையம் விட்டு, டூலை அசைக்காமல் இரண்டையும் ஒரே மெல்லிய வெட்டில் கடைய வேண்டும். பிறகு மைக்ரோமீட்டர். இரண்டு வளையங்களும் எவ்வளவு வித்தியாசப்படுகின்றனவோ அதுதான் அந்த லேத்தின் உண்மை. ஜெர்மனியில் கியார்க் ஷ்லெசிங்கர் 1927இலேயே இயந்திரங்களைச் சோதிப்பதற்கான அட்டவணைகளைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். அதில் உள்ள எல்லாச் சோதனைகளும் ஒரு பட்டறைக்காரருக்கு வேண்டியதில்லை. இந்த ஒரு கம்பியும், ஸ்பிண்டில் நோஸில் ஒரு டயல் கேஜும் போதும். அரை மணி நேரம்கூட ஆகாது. ஹெட் ஸ்டாக்கை எல்லா வேகத்திலும் ஓட்டிக் கேட்டால் பல் உடைந்த கியரும் தெரிந்துவிடும். மைசூர் கிர்லோஸ்கர் போல மூடிப்போன கம்பெனியின் கியருக்கு மாற்று வேண்டுமானால் ஆர்டர் கொடுத்துத்தான் செய்ய வேண்டும்.

சோதனையில் வந்த எண்ணுக்கு விலை போடுவது வாங்குபவரின் தொழிலைப் பொறுத்தது. மோட்டார், பம்ப் ரிப்பேர் பட்டறைக்காரர் 25 மில்லிமீட்டர் ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தை கே6 அளவில் முடிக்க வேண்டும். மொத்த இடைவெளியே 13 மைக்ரான்தான். கேட், கிரில் செய்பவருக்குக் கீல் முளை கடைய அதெல்லாம் தேவையில்லை. அதே லேத் ஒருவருக்கு ஒன்றரை லட்சம் பெறும், இன்னொருவருக்கு எண்பதாயிரம்கூடப் பெறாது. இரண்டுமே நியாயமான விலைதான். உற்பத்தி வேலை சிஎன்சிக்குப் போய்விட்ட இன்றைய நிலையில், கையால் ஓட்டும் லேத்தைத் தேடி வருபவர்களில் ரிப்பேர்காரர்களே அதிகம். அதாவது துல்லியம் தேவைப்படுகிறவர்கள். அவர்களுக்கும் சந்தை இன்னும் அடியிலும் டன்னிலும்தான் விலை சொல்கிறது.

இந்த முறையின் பெரிய ஓட்டை டூலிங். "சாமான் எல்லாத்தோடவும்" என்ற ஒரே வார்த்தையில் அது முடிந்துவிடும். ஆனால் நான்கு ஜா சக், மூன்று ஜா சக், ஃபேஸ் பிளேட், ஸ்டெடி, ரிவால்விங் சென்டர், டிரில் சக், சேஞ்ச் கியர்கள் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிப் பாருங்கள். சின்ன லேத்தாக இருந்தால் லேத்தின் விலையையே எட்டிப்பிடிக்கும். எனவே எண்ண வேண்டும், வெறும் எண்ணிக்கை மட்டும் போதாது. மூன்று ஜா சக்குக்கு உள்பக்கம் பிடிக்க ஒரு செட், வெளிப்பக்கம் பிடிக்க ஒரு செட் என இரண்டு செட் ஜா உண்டு. பெரும்பாலும் ஒரு செட் காணாமல் போயிருக்கும். ஒவ்வொரு ஜாவிலும் 1, 2, 3 என்று எண்ணும், பெரும்பாலான நல்ல சக்குகளில் சக்கின் எண்ணும் குத்தியிருப்பார்கள். எண்கள் பொருந்தவில்லை என்றால் அவை வேறு சக்கின் ஜாக்கள், மையம் வராது. ஒரு டவல் பின்னைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். பின்னால் மட்டும் பிடித்து முன்னால் இடைவெளி தெரிந்தால் ஜா வாய் விரிந்துவிட்டது.

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தவறவிடுவது 127 பல் கியரை. பழைய லேத்துகளில் லீட் ஸ்குரூ பெரும்பாலும் அங்குலக் கணக்கில் இருக்கும். 25.4ஐ ஐந்தால் பெருக்கினால் 127. அந்தக் கியர் இருந்தால்தான் அங்குல ஸ்குரூவை வைத்துக்கொண்டு மில்லிமீட்டர் மரையைப் பிசிறில்லாமல் வெட்ட முடியும். பெட்டியில் இருபது கியர் இருந்தும் இது ஒன்று இல்லாவிட்டால், எம்20 போல்ட்டுக்கு மரை போடும் ஆர்டர் வரும்போதுதான் பட்டறைக்காரருக்குத் தெரியும். காயலான் கடையில் தேடிப் பார்க்கலாம், கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. பழைய இன்சர்ட் பெட்டிகள், ஏதோ ஒரு ஜாப்புக்காகத் தேய்த்த ஃபார்ம் டூல்கள், பேக் பிளேட் பொருந்தாத சக்குகள் ஆகியவற்றையும் விற்பவர் புதிய விலையில் கூட்டிச் சொல்வார். உங்கள் ஹோல்டருக்குப் பொருந்தாத இன்சர்ட்டின் விலை பூஜ்யம்தான். டப்பாவில் கிடக்கும் தேய்ந்த மிராண்டா ஹெச்எஸ்எஸ் துண்டுகளைத்தான் எல்லோரும் குப்பையாகப் பார்க்கிறார்கள். தீட்டித் தீட்டிப் பல வருடம் ஓட்டலாம்.

ஜிஎஸ்டி, கிரேன், லாரி, புதிய இடத்தில் மட்டம் வைத்துப் பொருத்துவது ஆகிய செலவுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 18 சதவீத வரியோடு பில் போட்டு வாங்கும் பதிவுபெற்ற பட்டறைக்காரர் அதைத் திரும்ப வரவு வைக்கலாம். "பில் வேண்டாம்னா குறைச்சுக்கலாம்" என்ற பேச்சைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளக் கூடாது.

பழைய கார் சந்தையைப் பற்றி ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970இல் எழுதியது பொருளாதாரத்தில் பிரபலமான கட்டுரை. வாங்குபவருக்கு நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாவிட்டால் எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மாட்டார். சந்தையில் கெட்டதே மிஞ்சும். பட்டறைக்காரர்களிடம் பேசிப் பார்த்தால் இதே கதைதான். ஓய்வுபெறும் நல்ல டர்னரின் லேத் வெளியே வருவதே இல்லை. அவர் ஓட்டியதைப் பார்த்த பக்கத்துப் பட்டறைக்காரரோ மச்சானோ நல்ல விலை கொடுத்து எடுத்துக்கொள்கிறார். அவர்கள் சோதனை செய்யத் தேவையில்லை. வெளிச்சந்தைக்கு வருவதெல்லாம் யாரும் ஓட்டிப் பார்க்காத இயந்திரங்கள். கம்பி கடைந்து காட்டும் பழக்கம் பரவினால் விற்பவருக்குத்தான் முதல் லாபம்.

தடையாக நிற்பது பெரும்பாலும் கரண்ட்தான். மூடிப்போன ஷெட்டில் இணைப்பைத் துண்டித்திருப்பார்கள். மூன்று பேஸ் மோட்டார் சும்மா கிடக்கும். ஓட்டிக் காட்ட முடியாத லேத்துக்கு எடை விலையும், ஒவ்வொன்றாக எண்ணிப் போட்ட டூலிங் விலையும் கொடுத்தால் போதும். பெயரைச் சொல்லி அதற்குமேல் கேட்டால், ஜெனரேட்டர் வாடகையைப் பாதிப் பாதியாகப் போட்டு ஓட்டிப் பார்ப்போம் என்று சொல்லலாம். இயந்திரம் நல்ல நிலையில் இருப்பது தெரிந்தவர் இதற்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்.