செங்கண்மாவுக்கு வழி: மலைபடுகடாமும் என் பயணக் குறிப்பும்

மூன்று வருடங்களுக்கு முன் பெங்களூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு இரண்டு நாள் 'கைடட் டூர்' ஒன்றில் போய்வந்தேன். கையில் கொடுத்த தாளில் ஏழு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நிமிடக் கணக்கு. பீமன் அருவி 60, ஜமுனாமரத்தூர் படகு 45, காவலூர் வானாய்வகம் 40. கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை வழியாக வந்த வேன் செங்கத்தில் நின்றது. தாளில் செங்கத்துக்கு எதிரே இருந்தது இவ்வளவுதான்: 'டீ – 15'.

செங்கம் ஒரு பழைய தலைநகரம். சொன்னால் மிகையாகத்தான் தோன்றும். பேருந்து நிலையமும் பழக்கடைகளும் உள்ள ஊரில் டீ குடித்துக்கொண்டு நிற்கும்போது யாருக்கும் அப்படித் தோன்றாது. ஆனால் பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பாடியது. அந்தச் செங்கண்மாதான் இந்தச் செங்கம். பாட்டில் வரும் சேயாறுதான் ஜவ்வாது மலையில் பிறந்து இந்த ஊர் வழியாக ஓடும் செய்யாறு. நவிரம் என்று பாட்டு சொல்லும் மலையைப் பர்வதமலை என்கிறார்கள்.

பாட்டுக்கு இன்னொரு பெயர் கூத்தராற்றுப்படை. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். விஷயம் எளிமையானது. நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்பும் கூத்தர் கூட்டம், எதிரே வரும் இன்னொரு கூட்டத்தைப் பார்க்கிறது. "நீங்களும் போங்கள், வழி இப்படி இருக்கும்" என்று சொல்கிறது. அதாவது, மலை வழியாக ஒரு தலைநகரத்துக்குப் போக வழிகாட்டி. உ.வே.சாமிநாதையர் 1889-இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்ததிலிருந்து இதை இலக்கியமாகவும் வரலாற்றுச் சான்றாகவும் படித்துவருகிறோம். சரி, வழிகாட்டியாகவே படித்தால் என்ன? இது நல்ல வழிகாட்டிதானா? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான். இலக்கியம் முறையாகப் படித்தவன் இல்லை நான். மென்பொருள் ஆவணங்கள் எழுதியும் அடுத்தவர் எழுதியதைப் படித்துத் திட்டியும் இருபது வருடம் ஓட்டியவன். அந்தத் தகுதியில் படிக்கிறேன்.

முதலில், வழிகாட்டி என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்ட இடம். வேலை விஷயமாக ஒருமுறை ப்ராக் போயிருந்தபோது, சனிக்கிழமை காலை மூன்று மணி நேர நடைச் சுற்றுலாவில் சேர்ந்தேன். கைடு குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார், நாங்கள் ஆட்டு மந்தை மாதிரி பின்னால். 1357-இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலம், 1410-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் என்று வருடங்களாகச் சொல்லிக்கொண்டே போனார். அதில் பாதிக்கு மேல் அன்று மாலையே மறந்துபோனது. மறக்காதது ஒன்று: "மணி அடிக்கும்போது எல்லோரும் அண்ணாந்து கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். ஜேப்படிக்காரர்கள் உங்களைப் பார்ப்பார்கள்." மூன்று மணி நேரத்தில் அந்த ஒரு வாக்கியம்தான் வழிகாட்டல். மற்றதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது.

மலைபடுகடாமில் அந்த மாதிரி வாக்கியங்கள்தான் பக்கம் பக்கமாக வருகின்றன. தினைப்புனத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், இருட்டில் போகாதீர்கள், விடிந்த பிறகு கடந்து போங்கள். யானையை விரட்டக் கவணில் கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிப் போங்கள். விழுந்து கிடக்கும் மரம் மாதிரி தெரிவது மலைப்பாம்பாக இருக்கலாம், விலகிப் போங்கள். நீர்நிலையின் கரையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசி காலை வாரும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் மண்டிக் கிடக்கும் சிறுமூங்கிலையும் கோரையையும் பிடித்துக்கொண்டு நடங்கள்.

எங்கள் துறையில் 'ஹேப்பி பாத்' என்று சொல்வோம். எல்லாம் சரியாக நடந்தால் என்ன ஆகும் என்பது மட்டும். சோம்பேறி ஆவணம் அதோடு முடிந்துவிடும். நல்ல ஆவணம் எங்கே உடையும், உடைந்தால் என்ன செய்வது என்று சொல்லும். பெருங்கௌசிகனார் இரண்டாவதையும் எழுதியிருக்கிறார். வழி குழம்பிவிட்டதா? அகலமான பாறையில் எல்லோரும் ஒன்றாகக் கூடி உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள். காட்டைக் காக்கும் கானவர் கேட்டு ஓடிவருவார்கள், ஆற்றில் மூழ்குகிறவரின் கூச்சல் கேட்டு வருவது போல. தின்னப் பழமும் சூடப் பூவும் காட்டி, முன்னால் நடந்து கூட்டிப்போவார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் இதைவிடத் தெளிவாக ஒரு அவசரகால நடைமுறை எழுத முடியுமா?

எங்கள் டூர் கைடைக் குறை சொல்ல ஆசையில்லை, நல்ல பையன். ஆனால் காவலூரில் அவர் சொன்னது: "ஆசியாவிலேயே பெரிய டெலஸ்கோப்." இங்கே 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் வந்தது. வைணு பாப்புவின் பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பார்க்க இருக்கவில்லை, 1982-இலேயே காலமாகிவிட்டார். இந்தியாவிலேயே இதைவிடப் பெரிதான 3.6 மீட்டர் தொலைநோக்கி உத்தராகண்டின் தேவஸ்தலில் 2016-இல் வந்துவிட்டது. 'பெரியது' என்ற பட்டம் காலாவதியாகிவிடும். காலாவதியாகாத விஷயம், இந்த மலையில் இருட்டு ஒரு கருவி என்பது. ராத்திரி காரின் ஹெட்லைட்டையும் டார்ச்சையும் கண்டபடி அடித்தால் ஆய்வகத்தின் வேலை கெடும். அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இவ்வளவு பெரிதாகப் பேசும் நான் என்ன செய்தேன்? அந்த டூர் பிடிக்காமல், நானே ஒரு பயணக் குறிப்பு எழுதினேன். போளூரிலிருந்து ஏறி, ஜமுனாமரத்தூர் தங்கி, காவலூர், ஆலங்காயம் வழியாக இறங்குவது. படங்கள், தூரம், நேரம், எங்கே தோசை நன்றாக இருக்கும் என்பது வரை. அடுத்த வருடம் மழைக்காலம் முடிந்த கையோடு மூன்று குடும்பங்களை அதே குறிப்போடு அழைத்துப்போனேன். இரண்டாம் நாள் காலையில் ஒரு ஓடைக்கரைப் பாறையில் நண்பரின் அம்மாவுக்குக் கால் வழுக்கியது. இடுப்பில் அடி, எழுந்திருக்க முடியவில்லை. அறுபத்தெட்டு வயது. போனில் சிக்னல் இல்லை. நாங்கள் கத்தினோம். மேலே சாமைக் கொல்லையிலிருந்து இரண்டு பேர் இறங்கி ஓடிவந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, நாங்கள் மாற்றிப் பிடிக்க, சாலை வரை தூக்கிவந்தார்கள். அந்த வீட்டு அம்மா, வண்டி வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பணம் கொடுக்கப் போனோம். "எங்க ஆயாவா இருந்தா காசு கேப்பமா?" என்றார். அம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். நண்பர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஊருக்கு வந்து என் குறிப்பைத் திரும்பப் படித்தேன். 1,100 வார்த்தைகள். 'பாசி' என்ற சொல் இல்லை. இன்னொன்றும் இல்லை: மனிதர்கள். ஜவ்வாது மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் (கேரளத்தார் அல்ல, மலையை ஆள்பவர் என்ற பொருளில்). அவர்களைப் பற்றி நான் எழுதியிருந்தது, 'வழியில் தேன், சாமை வாங்கலாம்' என்ற ஒரே வரி. மலைபடுகடாமில் ஊருக்கு ஊர் யார் இருப்பார்கள், என்ன உண்ணக் கொடுப்பார்கள் என்று வருகிறது. நன்னனின் கூத்தர் என்று சொல்லுங்கள், உங்கள் வீடு போலவே தயங்காமல் உள்ளே போங்கள் என்கிறது. என் குறிப்பில் பாறையும் தண்ணீரும் தோசையும்தான் இருந்தன.

இதனால் பாட்டைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. இதுவும் ஒரு வகை 'ஸ்பான்சர்டு போஸ்ட்'தான். பாடியவர் போய்ச்சேர வேண்டிய இடம் புரவலனின் வாசல். அதனால் வழியில் யாரும் முகம் சுளிப்பதில்லை, யார் வீட்டிலும் சோறு தீர்ந்துபோவதில்லை. மலைவாழ் மக்கள் முழுக்க முழுக்க விருந்தோம்புகிறவர்கள். பாட்டின் தலைப்பு, மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் பார்ப்பதில் பிறந்தது என்பார்கள். அந்த ஓசைப் பட்டியலில் ஒன்று, புலி பாய்ந்து மார்பில் காயம்பட்ட கணவனுக்காகக் குறத்தி பாடும் பாட்டு. எத்தனை பெரிய துயரம்! பாட்டு அதைக் கேட்கிறது, ஆனால் நிற்பதில்லை. அருவி ஓசை, தேன் எடுத்தவர்களின் ஆரவாரம் என்று அடுத்தடுத்துப் போய்விடுகிறது. நன்னன் வாசலில் தேனும் பலாவும் மாங்கனியும் கரடிக்குட்டியும் மயிலுமாகக் குவிந்து கிடக்கின்றன. எல்லாம் மலையிலிருந்து இறங்கி வந்தவை. மலைக்கு என்ன ஏறிப்போனது என்று பாட்டு சொல்லவில்லை. இந்தக் கேள்வி நம் சுற்றுலாவுக்கும் பொருந்தும்.

ஆனாலும் ஒரு இடத்தில் இந்தப் பாட்டை நான் மன்னித்துவிடுகிறேன். வழியில் கவர்த்த பாதைகள் வரும், அங்கே போரில் மடிந்த வீரர்களின் பெயர் எழுதிய நடுகற்கள் இருக்கும், யாழ் இசைத்து வணங்கிவிட்டுப் போங்கள் என்கிறது. கற்பனை இல்லை. செங்கம் வட்டாரத்தில் அத்தனை நடுகற்கள் கிடைத்து, தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே போட்டது. எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவனின் 34-வது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த ஒருவனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய், கோவிவன் என்று பெயர். இந்த வட்டாரம் ஒரு நாயின் பெயரைக்கூடத் தொலைக்கவில்லை.

நடுகற்களைச் சொன்ன கையோடு பாட்டு இன்னொன்று சொல்கிறது. வழி பிரியும் இடத்தில், நீங்கள் போகும் பக்கத்தைத் துடைத்துச் சரிசெய்து, புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள். பின்னால் வருகிறவர்களும் இடத்துக்குப் புதியவர்கள்தானே. பரிசுக்குப் போகும் கூத்தரிடம், உங்களுக்குப் பின்னால் வரும் முகம் தெரியாத கூட்டத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் புலவர். அதற்கு நன்னனிடம் பரிசு கிடையாது. ஏழு இடத்துத் தாளிலும் என் 1,100 வார்த்தையிலும் இல்லாதது இதுதான். இரண்டும் வருகிறவன் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லின. அவன் பத்திரமாகப் போய்ச்சேர வேண்டும் என்ற கவலை இரண்டிலும் இல்லை.

பழைய குறிப்பை எடுத்துவிட்டேன். புதியது இப்படித் தொடங்குகிறது: 'மழைக்குப் பிறகு ஒரு மாதம் வரை ஓடைப் பாறைகளில் பாசி இருக்கும், பச்சையாகத் தெரியாது. வயதானவர்களைக் கரைக்குக் கீழே இறக்காதீர்கள். போன் எடுக்காது. அடிபட்டால் தனித்தனியாக ஓடாதீர்கள், ஒரே இடத்தில் நின்று சத்தம் கொடுங்கள், கொல்லையில் ஆள் இருப்பார்கள். தேன் வாங்கினால் பேரம் பேசாதீர்கள். ராத்திரி காவலூர்ப் பக்கம் விளக்கைத் தாழ்த்துங்கள்.' அருவி நாலாவது பத்தியில்தான் வருகிறது. செங்கத்துக்கு அரை நாள் ஒதுக்கியிருக்கிறேன்.

போய்வருகிறவர்கள் எதையாவது திருத்தச் சொன்னால் அதையும் சேர்த்துவிடுகிறேன்.