கரை வேட்டிச் செய்திகள்

2019 ஏப்ரல் 17. மண்டையைப் பிளக்கும் வெயில். ஆம்பூரில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். உள்ளே டி.வி. அலறிக்கொண்டிருந்தது. திரை முழுக்கக் கட்டுக் கட்டாகப் பணம். வேலூர் மக்களவைத் தேர்தல் முந்தின நாள்தான் ரத்தாகியிருந்தது.

கடைக்கார பாய் ரிமோட்டை அமுக்கினார். அடுத்த சேனலிலும் அதே தேர்தல் ரத்து. ஆனால் அங்கே பணத்தைக் காணோம். ஜனநாயகப் படுகொலை என்று ஒருவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"எது பாய் நிஜம்?" என்று கேட்டேன்.

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? ரெண்டும் நிஜந்தான். அதுல பணம் நிஜம், இதுல கோபம் நிஜம். நாளைக்கு எங்களுக்கு எம்.எல்.ஏ. ஓட்டு இருக்கா, இல்லையா? அதைத்தான் எவனும் சொல்ல மாட்டேங்கறான்."

நியாயமான கேள்வி. ரத்தானது எம்.பி. தேர்தல் மட்டும்தான். ஆம்பூர், குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் சொன்னபடி 18-ம் தேதி நடந்தன. முக்கால் மணி நேரம் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பாய் மாற்றி மாற்றி வைத்த எந்தச் சேனலும் அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை. ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண், மறுநாள் பூத்துக்குப் போவதா, கம்பெனி பஸ்ஸில் ஏறுவதா? அது யாருக்கும் செய்தியாகப் படவில்லை.

மறந்திருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மார்ச் கடைசியில் காட்பாடியில் தி.மு.க. பொருளாளராக இருந்த துரைமுருகன் வீட்டில் வருமான வரித்துறை சோதனை நடந்தது. அவர் மகன் கதிர் ஆனந்த்தான் தொகுதியின் தி.மு.க. வேட்பாளர். அடுத்த சில நாட்களில் ஒரு சிமென்ட் கிடங்கில் 11 கோடி ரூபாய்க்கு மேல் சிக்கியது. அரசியல் பழிவாங்கல் என்றது தி.மு.க. ஏப்ரல் 16-ம் தேதி தேர்தல் ரத்தானது. பண விவகாரத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது இந்தியாவிலேயே அதுதான் முதல் தடவை.

நான் பி.காம். படித்தவன். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் போட்டு டிரையல் பேலன்ஸ் எடுத்தால் இரண்டு கூட்டலும் சமமாக வரவேண்டும். "வந்துடுச்சேன்னு துள்ளாதே" என்பார் எங்கள் வாத்தியார். ஒரு கணக்கை இரண்டு பக்கமும் எழுதாமலே விட்டுவிட்டாலும் கூட்டல் சமமாகத்தான் வரும். அதற்கு விடு பிழை என்று பெயர். சாமானியத்தில் கண்டுபிடிக்க முடியாது.

நம் டி.வி. விவாதங்களைப் பாருங்கள். இந்தக் கட்சிக்கு ஒருவர், அந்தக் கட்சிக்கு ஒருவர், நடுநிலைக்கு ஒருவர். டேலி ஆகிவிட்டது! விட்டுப்போனது என்ன என்று யாரும் கேட்பதில்லை.

வேலூரில் விட்டுப்போனது எது? பாலாறு. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற விதியை நாட்டுக்கே எடுத்துச் சொன்ன தீர்ப்பு. அதற்குப் பிறகு ஏழு மக்களவைத் தேர்தல்கள் வந்து போய்விட்டன. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது: பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுங்கள், கெடுத்தவர்களிடம் வசூலியுங்கள் என்று. இந்த ஏழு தேர்தல்களில் எத்தனை ராத்திரி பாலாற்றைப் பற்றி டி.வி.யில் விவாதம் கேட்டீர்கள்? யோசித்துப் பாருங்கள்.

நிறுத்திவைத்த தேர்தல் ஆகஸ்ட் 5-ம் தேதி நடந்தது. பத்து லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். அதே நாளில்தான் காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து ரத்தானது. செய்தி முழுக்க ஸ்ரீநகருக்குப் போய்விட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 9-ம் தேதி எண்ணும்போது நடந்ததைச் சொல்லியாக வேண்டும். முதலில் அ.தி.மு.க. அணியின் ஏ.சி. சண்முகம் முன்னிலையில் இருந்தார். பிறகு நிலைமை மாறி, 8,141 ஓட்டு வித்தியாசத்தில் கதிர் ஆனந்த் ஜெயித்தார். உடனே ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: வாக்கு வங்கி. வங்கியில் போட்டால் வட்டியாவது வரும் சார்! கூலி, தண்ணீர், மூடிய தோல் ஷாப் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். அத்தனையும் ஒரே சொல்லில் அடங்கிப்போனது.

'ஜனங்கள் புத்திசாலிகள். டி.வி.யை நம்பியா ஓட்டுப் போடுகிறார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். கலைஞர் டி.வி. இருந்தும் 2014 மக்களவைத் தேர்தலில் தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேல் இலவச கலர் டி.வி. கொடுத்த பிறகுதான் 2011-ல் தி.மு.க. ஆட்சியை இழந்தது. டி.வி. ஓட்டை மாற்றுகிறதோ இல்லையோ, வேட்பாளரிடம் எந்தக் கேள்வி கேட்கப்படும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. கேட்காத கேள்விக்கு எந்த எம்.பி.யும் பதில் சொல்லப் போவதில்லை.

ஜெயா, கலைஞர், மக்கள், கேப்டன், நியூஸ் ஜெ என்று நம் ஊரில் கட்சிச் சேனல்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அவற்றின் மேல் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. கரை வேட்டி கட்டிக்கொண்டு வருபவர் எந்தக் கட்சி என்று தூரத்திலேயே தெரியும். ஜாக்கிரதையாகப் பேசுவோம். எனக்குப் பயம் வெள்ளை வேட்டிதான். 2014-ல் நெட்வொர்க் 18 ரிலையன்ஸ் கைக்குப் போனது. 2022-ல் என்.டி.டி.வி. அதானி கைக்குப் போனது. இவற்றின் வேட்டியில் கரை கிடையாது. ஆனால் முதலாளிக்கு அரசாங்கத்தோடு ஆயிரம் வியாபாரம் இருக்கிறது. அங்கே எது விடுபடுகிறது என்று நீங்களும் நானும்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்த தேர்தல் வரும்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஒரே ராத்திரியில் எதிரெதிரான இரண்டு சேனல்களை அரை மணி நேரம் வீதம் பாருங்கள். உங்கள் ஊரைப் பற்றி இரண்டிலும் சொல்லாததை ஒரு தாளில் எழுதுங்கள். மறுநாள் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அந்தத் தாளை நீட்டுங்கள்.

அன்றைக்கு டீக்கடை பாய்க்கு விடை சொன்னது எந்தச் சேனலும் இல்லை. வடை வாங்க வந்த பள்ளிக்கூட வாத்தியார். தேர்தல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர். "நாளைக்கு ஓட்டு உண்டு பாய், எம்.எல்.ஏ.வுக்கு மட்டும்" என்றார்.

பாய் டி.வி.யை அணைத்துவிட்டார்.